“எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க”: மருத்துவ, சமூகப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும், “எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க” என்பார்கள். மனசாரத்தான் சொல்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தவறே அதுதான்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பெரும்பாலும் கடலில் இறங்குவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிற வேலை. அந்தச் சில நாட்களை விட்டால் அந்த மாத வருமானம் போச்சு. நாமோ செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு என்று கிழமை பார்க்கிறோம். அமாவாசை செவ்வாயில் வந்தால் அவர்கள் கடலில் இருப்பார்கள், நாம் பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுவோம். காலண்டரில் திதியையும் பார்த்து ஒரு மாற்று நாள் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் முகாமை அப்போது வைக்கலாம்.

முகாமை எந்தத் தெருவில் வைக்கிறோம் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. நாற்காலி, மின்விசிறி கிடைக்கிறது என்று ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், காலனியிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று அவர்களைக் கேட்க வேண்டியதில்லை, திண்ணையைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது காது. மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தார். “பிள்ளைக்கு ராத்திரி முழுக்கச் சத்தி” என்றார். நான் சத்துக் குறைவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “டானிக் எழுதச் சொல்றேம்மா” என்றேன். அவர் மறுபடி சொன்னார். நான் அதே பதிலைச் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு முகாம்காரர்தான், “வாந்தியைச் சொல்றாங்க” என்றார். நாரி நோகுது என்றால் இடுப்பு வலி, வயிற்றோட்டம் என்றால் பேதி. இருவரும் பேசுவது தமிழ்தான் என்பதாலேயே நாம் திரும்பக் கேட்பதில்லை. 2021-ல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. சீட்டு எழுதுகிற இடத்திலும் அந்தப் பழைய சொல்லை விட்டுவிடலாம்.

‘இவங்க இதெல்லாம் செய்ய மாட்டாங்க’ என்று நாமே முடிவு கட்டுவது இன்னொன்று. கீழக்கரையிலிருந்து வரும் முஸ்லிம் பெண்ணிடம் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் பற்றிச் சொல்லாமலே அனுப்பிவிட்டு, அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். சொல்வது நம் வேலை, வேண்டுமா வேண்டாமா என்பது அவர் பாடு.

ஏர்வாடியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள்; சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சங்கிலி இல்லாத ஆஸ்பத்திரியில் நடக்கிற தவறு வேறு. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நெஞ்சு வலிக்கிறது என்றால், கூட வந்த அண்ணனைப் பார்த்து, “எப்பவும் இப்படித்தான் சொல்வாரா?” என்று கேட்கிறோம். அவரிடமே கேளுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள், பிறகு எதுவும் பேசிக்கொள்ளலாம்.

எச்.ஐ.வி. உள்ளவரின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் குறி போடுவது, கட்டிலைத் தனியாக ஓரத்தில் தள்ளுவது: 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்துக்கு இரண்டுமே ஆகாது. கையுறை எல்லா நோயாளிக்கும்தான், அவருக்கு மட்டும் இல்லை.

கடைசியாக, வெளியே யாரும் பேசாத ஒன்று. “அந்த நர்ஸ் ஊசி போட வேண்டாம், வேற ஆளைக் கூப்பிடுங்க” என்று சாதியை மனதில் வைத்துக்கொண்டு சில நோயாளிகள் கேட்பார்கள். சச்சரவு வேண்டாம் என்று அந்த நர்சை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பொறுப்பில் இருக்கும் டாக்டர் அந்த இடத்திலேயே, அந்த நர்சின் முன்னாலேயே, “ஊசி இவங்கதான் போடுவாங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் அந்த நோயாளி வருவார், அதையே கேட்பார்.