புல்தரையின் மூச்சை அளப்பது எப்படி: கரியும் நீரும் ஒரே பெட்டியில்

இலைத்துளை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும். திறந்த அதே துளை வழியாகத்தான் நீராவியும் வெளியேறும். ஆகவே ஒரு புல்தரைக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையே நடக்கும் கரிப் (கார்பன்) பரிமாற்றத்தை அளக்க விரும்புபவர், நீரையும் கூடவே அளந்தாக வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் நீரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், விடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிழை சேர்ந்துவிடக்கூடும். வேளச்சேரியில் எங்கள் வீட்டின் பின்புறப் புல்தரையில் முதல் வாரம் நான் எடுத்த அளவுகளை இந்தக் காரணத்தால்தான் முழுவதுமாகத் திரும்பக் கணக்கிட நேர்ந்தது.

புல்லின் மேல் கவிழ்த்து, உள்ளே அடைபடும் காற்று மாறுவதை அளக்க, அடிப்புறம் திறந்த, எல்லாப் பக்கமும் 40 சென்டிமீட்டர் அளவுள்ள அக்ரிலிக் பெட்டி ஒன்று போதும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் தாளை அளவுக்கு வெட்டி ஒட்டித் தருவார்கள். அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சார், வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சென்சார், கணினிக்குள் இருக்கும் சிறு மின்விசிறி ஆகியவற்றை சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கலாம். விசிறி பெட்டிக்குள் காற்றைக் கலக்க வேண்டுமே ஒழிய, புல்லை வேகமாக அசைக்கக் கூடாது. பெட்டியை வைக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க, மேற்புறம் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திவிடுங்கள். மலிவான சென்சார்கள் பலவற்றில், ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) என்று தாமாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. அதை முதலில் நிறுத்திவிட வேண்டும்.

பெட்டி உட்காரும் தகரச் சட்டத்தை அளவெடுப்பதற்கு ஒரு நாள் முன்பாகவே 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் இறக்கிவிடுங்கள். மண்ணைக் கிளறியவுடன் அதில் அடைந்திருந்த வாயு வெளிவரும் என்பதால், அன்றைய அளவு நம்பத்தக்கதாக இருக்காது. சட்டத்தின் விளிம்பில் பள்ளம் வைத்து நீர் ஊற்றிக் கசிவை அடைப்பது பழைய வழக்கம். கரியை மட்டும் அளப்பவருக்கு அது சரி. நீரையும் அளக்கும் நமக்கோ, அந்த நீரே ஆவியாகிப் பெட்டிக்குள் கலந்துவிடும். கதவு இடுக்கில் ஒட்டும் மென்மையான ரப்பர் பட்டையே இங்கே ஏற்றது.

அளவெடுக்கும்போது காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் நில்லுங்கள். நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருப்பதால், 64 லிட்டர் பெட்டிக்குள் ஒரே ஒரு மூச்சு முழுவதும் புகுந்தாலும் அளவு 300 பிபிஎம் வரை எகிறும். பெட்டியை மெதுவாக இறக்கி, முதல் 20 நொடிகளை விட்டுவிட்டு, அடுத்த 2 நிமிடங்களுக்குச் சில நொடிகளுக்கு ஒரு முறை எண்களைப் பதியுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் வெயிலில் பெட்டி சூடேறி, செடி தன் இயல்பில் இருக்காது. பிறகு பெட்டியைத் தூக்கிக் காற்றாட விட்டு, வெளிப்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய கறுப்புத் துணியால் மூடி மீண்டும் அளக்க வேண்டும். வெளிச்சத்தில் கிடைப்பது ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் சேர்ந்த நிகர அளவு. இருட்டில் கிடைப்பது சுவாசம் மட்டும்.

இனிக் கணக்கு. வெளிச்சத்தில் 2 நிமிடத்தில் அளவு 430 பிபிஎம்மிலிருந்து 400க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ்; ஈரப்பதம் 60 சதவீதத்திலிருந்து 94க்கு ஏறியிருக்கிறது. 30 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் 4.24 கிலோபாஸ்கல், ஆக நீராவி அழுத்தம் சுமார் 2.5இலிருந்து 4.0 கிலோபாஸ்கலாகக் கூடியுள்ளது. இப்படி நுழைந்த நீராவி மற்ற வாயுக்களுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், செடி எடுத்துக்கொள்ளாத கார்பன் டை ஆக்சைடும் குறைந்தது போலத் தோன்றும். இதைத் திருத்த, நீராவி அழுத்தத்தைக் காற்றழுத்தமான 101.3ஆல் வகுத்து, அதை 1இலிருந்து கழித்து, வந்த எண்ணால் பிபிஎம் அளவை வகுக்க வேண்டும். 430 என்பது 441 ஆகிறது; 400 என்பது 416.5 ஆகிறது. உண்மையான இறக்கம் 30 அன்று, சுமார் 24.5தான்.

நொடிக்கு 0.204 பிபிஎம் என்ற இந்த இறக்கத்தை, ஒரு கன மீட்டரிலுள்ள உலர்காற்றின் மோல் (வாயுவின் அளவைக் குறிக்கும் அலகு) எண்ணிக்கையான 39.2ஆலும், பெட்டியின் உயரமான 0.4 மீட்டராலும் பெருக்கினால், சதுர மீட்டருக்கு நொடிக்கு 3.2 மைக்ரோமோல் என்ற விடை வரும். கரியாகச் சொன்னால் மணிக்கு ஏறத்தாழ 0.14 கிராம். திருத்தம் செய்யாமல் விட்டிருந்தால் 4.0 என்று எழுதியிருப்போம். இருட்டில் கிடைத்த சுவாச அளவை இதனுடன் கூட்டினால் மொத்த ஒளிச்சேர்க்கை கிடைக்கும்.

அன்றாட நீர் இழப்புக்கு மட்டும் பெட்டியை நம்ப வேண்டாம், ஏனெனில் நம் ஊர்க் காற்றில் அது விரைவில் ஈரத்தால் நிறைந்து ஆவியாதலைத் தடுத்துவிடும். அதே புல்லை மண்ணோடு பெயர்த்து, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் வைத்து, தரை மட்டத்துக்குப் புதைத்து, காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தராசில் நிறுத்துங்கள். அந்தப் பரப்புக்கு 71 கிராம் குறைவது 1 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். 283 கிராம் குறைந்தால் 4 மில்லிமீட்டர். இடையில் மழை பெய்தாலோ அடித்துளை வழியே நீர் வடிந்தாலோ அன்றைய எண்ணைச் சேர்க்க வேண்டாம். நெடுநாள் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தவுடன் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு சுவாசம் சட்டென உயரும். அந்த நாள்களைத் தனியே குறித்து வையுங்கள், அவை மிக அருமையானவை.

ஒரு காட்டையோ சதுப்புநிலத்தையோ முழுதாக அளக்கப் பெட்டி போதாது. அதற்குக் கோபுரத்தின் மேல் ஒலியலைக் காற்றுமானியையும் வாயு அளவியையும் அருகருகே பொருத்தி, காற்று மேலும் கீழும் அசையும் வேகத்தையும் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, நீராவி ஆகியவற்றின் அளவையும் நொடிக்கு 10 அல்லது 20 முறை பதிந்து, அவை சேர்ந்து மாறும் விதத்தை அரை மணிக்கு ஒரு முறை கணக்கிடுவார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இப்படிக் கோபுரம் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். சென்னையில் கோபுரம் வைப்பவர் கடற்காற்றை மறக்கக் கூடாது: காலையில் மேற்கிலிருந்து வீசிய காற்று நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து வீசும் நாள்களில், கருவி அளப்பது வேறொரு நிலத்தின் மூச்சாகிவிடும். காற்று அசையாத மார்கழி இரவுகளில் மண்ணிலிருந்து வரும் வாயு மேலே ஏறாமல் தரையருகிலேயே தேங்குவதால், கோபுரம் சுவாசத்தைக் குறைத்தே காட்டும். அந்த இரவுகளில் டார்ச் விளக்குடன் போய்ப் பெட்டியை வைத்து எடுக்கும் அளவைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன்.