மீட்டிங்ல புரியாத இங்கிலீஷ் வந்தா எப்படி புடிக்கிறது?

பெங்களூருக்கு வந்த புதுசுல ஒயிட்ஃபீல்ட் ஆபீஸ்ல மேனேஜர் "கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்"னு கேட்டாரு, எனக்கு ஒண்ணும் புரியல. பதறாதீங்க, முன்னாடி பின்னாடி என்ன பேசுறாங்கன்னு பாருங்க, பக்கத்துல இருந்த அக்கா "சுமாரா மூணு வாரம் ஆகும் சார்"னு சொன்னதும் அவரு சரின்னு தலையாட்டிட்டாரு, அப்போ உத்தேச கணக்குதான் கேட்டிருக்காருன்னு தெரிஞ்சிருச்சு. பேஸ்பால் மைதானத்துலேர்ந்து வந்த வார்த்தை அது, தனித்தனியா பிரிச்சு அர்த்தம் தேடினா கிடைக்கவே கிடைக்காது.

யாரு பேசுறாங்கன்னும் கவனிங்க, இதுதான் ரொம்ப முக்கியம். "டேபிள் இட்"னு அமெரிக்காக்காரர் சொன்னா இப்போதைக்கு தள்ளி வைன்னு அர்த்தம், அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னா பேச எடுத்துக்கலாம்னு, அப்படியே நேர் எதிர்! யூகிச்சத நோட்ல குறிச்சு வைங்க, அடுத்த தடவ அதே வார்த்தை வரும்போது பொருந்துதான்னு பாத்துக்கலாம்.