மின்சார சைக்கிளுக்கு மோட்டார் தெரிவு செய்யும்போது முதலில் காற்றைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் உங்கள் ஓட்டத்தைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர்? பின் கரியரில் என்ன சுமை? எந்த வெளியைக் கடக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, காற்றுத்தான் எமக்கு ஏற்றம். நெல்லியடியிலிருந்து வல்லை வெளியால் யாழ் நகருக்குத் திரும்பும்போது, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரை அதே வேகக் காற்று எதிர்த்தால், காற்றுத்தடை நான்கு மடங்காகும். மோட்டாரின் வலு தேவைப்படுவது அங்கேதான்.

அடுத்து, வகை. பெடல் அச்சில் பூட்டும் நடு மோட்டார் சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்துவதால் மலையகத்துக்கு மிகவும் ஏற்றது. இங்கே அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. செயினும் விரைவாகத் தேயும். சில்லின் நடுவில் இருக்கும் மோட்டாரே எமக்குப் போதும். அதில் இரண்டு வகை உண்டு. கடையில் சில்லைத் தூக்கிக் கையால் முன்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் உள்ளே பற்சில்லு உள்ளது. காந்தம் பிடித்துப் பிடித்து விடுவது கையில் தெரிந்தால் பற்சில்லு இல்லாத நேரடி மோட்டார். அது நெடுநாள் உழைக்கும். ஆனால் பாரம் கூட, பற்றரி தீர்ந்தபின் மிதிப்பது பெரும்பாடு. மிதித்து ஓடுகிறவர்கள் பற்சில்லு உள்ளதையே எடுங்கள். பின்சில்லில் பூட்டுவதே நல்லது. மணல் ஒழுங்கையில் முன்சில்லு இலகுவில் வழுக்கும்.

வலுவைப் பொறுத்தவரை, தனியாகப் போகிறவருக்கு 250 வாற்று போதும். பிள்ளையை ஏற்றுபவர், சந்தைக்கு மூட்டை கொண்டுபோகிறவர் 350 அல்லது 500 வாற்று பார்க்கலாம்.

பிறகு பற்றரிக் கணக்கு. 36 வோல்ற்றை 10 அம்பியர்-மணியால் பெருக்கினால் 360 வாற்று-மணி. மிதித்துக்கொண்டே போனால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வாற்று-மணி செலவாகும். ஆகவே 24 முதல் 36 கிலோமீற்றர் வரை ஓடலாம். எதிர்காற்றில் இன்னும் குறையும். யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்த் திரும்ப இது போதாது. அங்கே சார்ஜ் ஏற்ற ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

வாங்குமுன் மிதித்தும் பாருங்கள். சில சைக்கிள்களில் பெடல் சுற்றினாலே மோட்டார் ஒரே அளவில் தள்ளும். சிலவற்றில் காலின் அழுத்தத்துக்கேற்பக் கூடிக் குறையும். நெரிசலான கஸ்தூரியார் வீதிக்கு இதுவே பாதுகாப்பானது.

பூட்டும்போது அருகில் நில்லுங்கள். மோட்டாருக்குள் போகும் வயர், அச்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பின் மேலேறி உள்ளே நுழைய வேண்டும். அப்போது மாரி மழைநீர் வளைவின் அடியிலிருந்து சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.