மெட்டல் டிடெக்டர் அதிர்வெண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி சார்ஜ் போட மறப்பது, காயிலை, அதாவது கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் தட்டை, தரையில் இடிப்பது எல்லாம் பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறைந்த அதிர்வெண் என்றாலே ஆழம் என்று நம்புவது

இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பாதி உண்மை என்பதுதான் இதில் வில்லங்கம். 4, 5 கிலோஹெர்ட்ஸில் பெரிய வெள்ளிக் காசும் செம்புத் துண்டும் ஆழத்திலிருந்தே நன்றாகக் கேட்கும். தடித்த, நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் (காயிலின் காந்தப்புலம் உலோகத்துக்குள் கிளப்பிவிடும் மின்னோட்டம்) மெதுவாகத்தான் அடங்கும். மெல்லிய மோதிரத்திலும் தங்கத் துணுக்கிலும் அது சட்டென்று அடங்கிவிடும். அங்கே குறைந்த அதிர்வெண்ணுக்குக் கிடைக்கும் பதில் மிகவும் மங்கல். மோதிரத்துக்கு 15, 20 வேண்டும். துணுக்குக்கு 40 கூட வேண்டியிருக்கும்.

புல்லில் விழுந்த சங்கிலியைத் தேட ஒருவர் கூப்பிட்டார். புது டிடெக்டர், 4 கிலோஹெர்ட்ஸ். "ஆழமாப் பார்க்க வேண்டாமா?" என்றார். நேற்று விழுந்த சங்கிலி எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கும்! அவர் நடந்த தடத்திலேயே என் டிடெக்டரை 40-இல் வைத்து மெதுவாக வீசினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதுவும் சங்கிலி தந்ததல்ல, கொக்கி தந்தது. சங்கிலியில் மின்னோட்டம் கண்ணிக்குக் கண்ணி தனித்தனியாகத்தான் சுற்றும். எவ்வளவு நீளமாக இருந்தாலும் டிடெக்டருக்கு அது பொடிப் பொருள்தான்.

அதனால் தேடும் பொருளைப் போன்ற ஒன்றைத் தரையில் போட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வீசிப் பாருங்கள். ஆழத்தைக் கூட்டத்தான் வேண்டுமென்றால் பெரிய காயில் போடுங்கள்.

அதிர்வெண்ணை மாற்றிவிட்டு அப்படியே நடப்பது

கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண் தரும் சத்தத்தைக் கருவி கழித்துவிடும்படி சரிசெய்வது, மறுபடி செய்ய வேண்டும். இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் அதிர்வெண் கூடக்கூட மண்ணின் இரைச்சலும் கூடும். எந்த மாதிரி உலோகம் என்று காட்டத் திரையில் வரும் அடையாள எண்ணும் சில கருவிகளில் மாறிவிடும். 5-இல் பழகிய எண்ணை வைத்துக்கொண்டு 20-இல் 'இது குப்பை' என்று தாண்டிப் போகாதீர்கள்.

ஈரமான கடல் மணலில் ஒற்றை அதிர்வெண்

வேண்டாம். உப்புநீரே மின்சாரம் கடத்தும், அதனால் உலோகம் இல்லாமலே கருவி கத்தும். பல அதிர்வெண் முறை இருந்தால் அதைப் போடுங்கள்.

சத்தம் வந்ததும் சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) குறைப்பது

மின்கம்பிக்குக் கீழே கருவி சடசடத்தால் முதலில் நாய்ஸ் கேன்சல், அதாவது வெளி மின் இரைச்சலைத் தவிர்க்கும் அமைப்பு. அடங்கவில்லையா, அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள். அப்புறம்தான் சென்சிடிவிட்டியில் கை வைக்க வேண்டும்.