லேப்டாப்புக்குள் எத்தனை டிகிரி? எச்டபிள்யூஇன்ஃபோவில் பார்ப்பது எப்படி

லேப்டாப்பின் அடியில் கை வைத்தால் சுடுகிறது. ஃபேன் ஓயாமல் இரைகிறது. கொஞ்சம் பெரிய ஃபைலைத் திறந்தால் எல்லாம் திக்கித் திணறுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் "பேஸ்ட் மாத்தணும்" என்பார்கள் (பிராசஸருக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவும் பசை அது). மாற்ற வேண்டியும் இருக்கலாம், வேண்டாமலும் இருக்கலாம். எது என்று வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம், செலவும் இல்லை.

விண்டோஸில் இந்த வசதி அரைகுறையாகத்தான் உண்டு. 2020 மே அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜர் தனி கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டுகிறது, பிராசஸருடையதைக் காட்டுவதில்லை. அதற்குக் கோர் டெம்ப், லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் என்று பல மென்பொருள்கள் இருக்கின்றன. நான் எச்டபிள்யூஇன்ஃபோவை எடுத்துக்கொள்கிறேன். சூட்டினால் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதா என்பதற்கு 'எஸ்', 'நோ' என்று தனி வரியிலேயே பதில் சொல்லிவிடும். நமக்கு வேண்டியது அந்தப் பதில்தான். டிகிரிக் கணக்கு அதற்கு அப்புறம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பிராசஸரின் சிலிக்கானுக்குள்ளேயே சென்சார்கள் இருக்கின்றன. இன்டெல் பிராசஸரில் அவை நேரடியாக "இத்தனை டிகிரி" என்று சொல்வதில்லை. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். மென்பொருள் அதை வரம்பிலிருந்து கழித்துக் காட்டுகிறது. வரம்பு 100, பாக்கி 38 என்றால் திரையில் 62 தெரியும். இந்தப் பாக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

படி 1: டவுன்லோட்

எச்டபிள்யூஇன்ஃபோ டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சென்சார்களைப் படிக்க இது விண்டோஸின் அடித்தளத்தில் ஒரு டிரைவரை (வன்பொருளோடு பேசும் சின்ன மென்பொருளை) ஏற்ற வேண்டியிருக்கிறது, அட்மின் அனுமதியும் கேட்கும். அவ்வளவு உரிமையைக் கண்ட தளத்து ஃபைலுக்குக் கொடுக்கக் கூடாது. நல்ல பெயருள்ள மென்பொருள்களே இதில் மாட்டியதுண்டு. பல சென்சார் மென்பொருள்கள் நம்பியிருந்த வின்ரிங்0 என்ற டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2025-இல் விண்டோஸ் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. பழைய சென்சார் மென்பொருளுக்கு வைரஸ் எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

இன்ஸ்டாலர், போர்ட்டபிள் என்று இரண்டு வகை இருக்கும். ஒருமுறை பார்க்கத்தான் என்றால் போர்ட்டபிள் போதும். ஜிப்பைப் பிரித்து, 64 என்று முடியும் ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள்.

படி 2: சென்சார் ஜன்னல் மட்டும்

முதலில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்து 'ஸ்டார்ட்' கொடுங்கள். டிக் செய்யாவிட்டால் கம்ப்யூட்டரின் முழு ஜாதகமும் நாலைந்து ஜன்னல்களில் விரியும். இப்போதைக்கு அது வேண்டாம்.

படி 3: எந்த வரியைப் பார்ப்பது

இங்கேதான் பலர் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வோல்டேஜ், வாட், கிளாக் (பிராசஸர் ஓடும் வேகம்) என்று நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் வரலாம். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியவை நாலைந்துதான்.

முதலில் நெட்டுப் பத்திகள். கரண்ட் என்றால் இந்த நேரத்து அளவு. மினிமம், மேக்ஸிமம், ஆவரேஜ் மூன்றும் ஜன்னலைத் திறந்ததிலிருந்து வந்த கணக்கு. கரண்ட் இரண்டு விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண் மேக்ஸிமத்தில் இருக்கட்டும்.

இன்டெல் என்றால் 'சிபியு பேக்கேஜ்' என்ற வெப்பநிலை வரியைத் தேடுங்கள். பக்கத்திலேயே 'கோர் டிஸ்டன்ஸ் டு டிஜே மேக்ஸ்' இருக்கும். மேலே சொன்ன பாக்கி இதுதான், இதற்கு மட்டும் மினிமம் பத்தியைப் பாருங்கள். 'கோர் தெர்மல் த்ராட்லிங்' என்பதுதான் நாம் தேடி வந்த எஸ்-நோ வரி. ஏஎம்டி ரைசன் என்றால் 'சிபியு டிசிடிஎல்/டிடை' வெப்பநிலை, 'தெர்மல் த்ராட்லிங்' என்று தொடங்கும் வரிகள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 'ஜிபியு டெம்பரேச்சர்', எஸ்எஸ்டிக்கு 'டிரைவ் டெம்பரேச்சர்'. அவ்வளவுதான். மற்றவற்றை ரைட் கிளிக் செய்து 'ஹைட்' கொடுத்தால் பட்டியல் சுருங்கிவிடும்.

ஃபேன் வேகம் காணோமே என்று தேடாதீர்கள். பல லேப்டாப்கள் அதை வெளியே சொல்வதே இல்லை.

படி 4: சும்மா இருக்கும்போது

பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். லேப்டாப் 40 முதல் 55 வரை காட்டினால் கவலையில்லை. நடுவில் ஒரு விநாடி 70-க்குத் தாவி இறங்கலாம். ஏதோ ஒரு சின்ன வேலைக்காகப் பிராசஸர் டர்போ என்ற தற்காலிக அதிவேகத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, நோய் ஒன்றுமில்லை. ஒரு வேலையும் இல்லாமலே 75-க்கு மேல் நின்றுகொண்டிருந்தால், சூட்டை விடுங்கள், முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த புரோகிராம் தின்கிறது என்று பாருங்கள்.

படி 5: வேலை கொடுத்துப் பார்ப்பது

இதற்கு மேக்ஸானின் சினிபெஞ்ச் போதும், இலவசம்தான். ஒரு படத்தை எல்லாக் கோர்களையும் கொண்டு வரைய வைக்கும், வழக்கமாகப் பத்து நிமிடம் ஓடும். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காமல் மேசைமேல் வையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் கடிகாரப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பழைய மினிமம், மேக்ஸிமம் அழிந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். உடனே சினிபெஞ்சில் மல்டி கோர் சோதனையை ஓட விடுங்கள்.

ஓடும்போது கிளாக் வரிகளையும் ஓரக்கண்ணால் பாருங்கள். தூசி அடைத்த லேப்டாப்பில் கதை இப்படித்தான் போகும்: முதல் அரை நிமிடம் 3.8 கிகாஹெர்ட்ஸ், வெப்பநிலை விறுவிறுவென்று 97, 98. த்ராட்லிங் வரி சிவப்பில் 'எஸ்' ஆகும். கிளாக் 2.4-க்கு இறங்கி அங்கேயே தங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே போகிறது.

படி 6: எண்களைப் படிப்பது

"எத்தனை டிகிரி வரை சரி?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை, பிராசஸருக்குப் பிராசஸர் வரம்பு மாறும். இன்டெலில் பெரும்பாலும் 100. ஏஎம்டியில் ரைசன் 5000 டெஸ்க்டாப் வரிசை பெரும்பாலும் 90, ரைசன் 7000 வரிசை 95. அந்த 7000 வரிசை, முழு வேலை கொடுத்தால் 95-ஐத் தொட்டு அங்கேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. அதில் 95-ஐப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அதனால்தான் பாக்கியைப் பாருங்கள் என்கிறேன். பத்து நிமிடம் முடிந்தும் 10 டிகிரி பாக்கி இருந்து, த்ராட்லிங் 'நோ' என்றே நின்றால், கையில் எவ்வளவு சுட்டாலும் சிஸ்டம் நலமாக இருக்கிறது. பேஸ்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அறையின் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிசம்பரில் 25 டிகிரி அறையில் 78 காட்டிய டெஸ்க்டாப், மே மாதத்தில் 36 டிகிரி அறையில் 89-ஐ ஒட்டிக் காட்டினால் அது கத்திரி வெயிலின் வேலை, பழுது இல்லை.

எஸ்எஸ்டிக்கு வேறு கணக்கு. என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் மேல் வரம்பு 70 டிகிரிதான். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

நம்பக் கூடாத வரிகளும் உண்டு. மதர்போர்டு பகுதியில் 'ஆக்ஸ்டின்' என்பது போன்ற பெயரில் 127 டிகிரியோ பூஜ்யத்துக்குக் கீழேயோ அசையாமல் காட்டினால், அந்த இணைப்பில் சென்சாரே மாட்டவில்லை என்று அர்த்தம். ஒளித்துவிடுங்கள். 2017-இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் டிசிடிஎல் எண் உண்மையைவிட 20 டிகிரி கூடுதலாக வரும். ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டியே வேண்டுமென்று வைத்தது. பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து அலறியிருப்பார்கள்.

த்ராட்லிங் 'எஸ்' என்றால்

முதலில் காற்று வழி. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஃபேன் துளைகளில் புளோயரால் தூசியை ஊதுங்கள். அடிமூடியைத் திறக்கத் தெரிந்தால் ஃபேன் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதுவது நல்லது.

அப்புறம், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 99 சதவீதமாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ நின்று சூடு சட்டென்று இறங்கும், வேகமும் கொஞ்சம் குறையும். சில புதிய லேப்டாப்களில் இந்த வரி தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் 'எஸ்' நின்றால் பேஸ்ட் மாற்றலாம். கடைக்குக் கொடுக்கும் முன் எச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் இருக்கும் லாக் பொத்தானை அழுத்தி, சினிபெஞ்சை ஓட விட்டு, அந்த சிஎஸ்வி ஃபைலைச் சேமித்து வையுங்கள். எக்ஸெலில் திறக்கும். திரும்பி வந்ததும் அதே அறையில், அதே நேரத்தில், அதே சோதனையை ஓட்டி இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பநிலை இறங்கவில்லை, கிளாக்கும் ஏறவில்லை என்றால் ஃபைல்களோடு அதே கடைக்குப் போங்கள்.