பிள்ளைகளின் உடல் பருமனைத் தடுக்க ஊர் கூடிச் செய்யவேண்டியவை

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். 330 மில்லி குளிர்பானம் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி. பள்ளியிலும் திடலிலும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் குடிநீர்க் குழாய் வைத்த பிறகே குளிர்பானத்தை நிறுத்துங்கள். வெறும் தடை மட்டும் போட்டால், வாசலுக்கு வெளியே போய் வாங்கிக் குடிப்பார்கள். குளிர்பானத்துக்குப் பதிலாகப் பழச்சாறு கொடுப்பதும் சரியான மாற்று அல்ல. முழுப் பழத்தில் உள்ள நார்ச்சத்து பெரும்பாலும் சாற்றில் இருக்காது, சர்க்கரை இருக்கும்.

5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, பிரித்தும் செய்யலாம். ஆனால் 'அவுட்' ஆனவர் உட்காரும் விளையாட்டுகளைத் தவிருங்கள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் முதலில் உட்காரும். பெரியவர் இருவர் முறைவைத்துத் திடலில் நின்றால் பெற்றோர் தயங்காமல் அனுப்புவார்கள்.

எடை பார்ப்பதில்தான் பெரும் தவறு நடக்கிறது. வகுப்பின் முன்னால் எடையை வாசிக்கவே கூடாது; கேலிக்கு ஆளான பிள்ளை விளையாட்டையே விட்டுவிடும். காலணியைக் கழற்றி, தனி அறையில் உயரமும் எடையும் எடுங்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) அளவு இங்கே பொருந்தாது. வயது, பாலினம் வாரியான வளர்ச்சி அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். முடிவைப் பெற்றோரிடம் மட்டும் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் யாரையும் பட்டினி போடாதீர்கள்.

தூக்கத்தையும் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்: 6–12 வயதுக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரம். கைபேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.