குடும்ப வரலாறு தேடும்போது தடம் மாறிப் போகும் இடங்கள்

பூர்விகம் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து தொடங்குகிறார்கள். 'நாம சோழர் படையில இருந்தவங்க', 'நம்ம முப்பாட்டன் பாளையக்காரருக்குக் கணக்கு எழுதினவர்' என்று ஏதாவது ஒரு பேச்சு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பேச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அரண்மனையிலிருந்து நம் வீடுவரை இறங்கி வரப் பார்த்தால், அதற்கு ஒத்துவருவது மட்டும்தான் கண்ணில் படும். ஒத்துவராத துண்டுகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். ரங்கூனில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த தாத்தா, பஞ்சத்தில் கைக்குழந்தையோடு ஊரைவிட்டு நடந்த பூட்டி, தத்து வந்த கொள்ளுத்தாத்தா எல்லாரும் அந்த ஓரத்தில்தான் கிடக்கிறார்கள். சாதாரணக் குடும்பங்கள் ஒளித்து வைத்திருக்கும் ஆச்சரியங்கள் இப்படிப்பட்டவை. எந்த அரண்மனைக் கதையைவிடவும் இவை பெரியவை என்றே நான் நினைக்கிறேன்.

எனவே கீழிருந்து ஏறுங்கள். உங்களில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் 'இவர் இவருடைய பிள்ளை' என்று சொல்லும் ஒரு காகிதமாவது, நேரில் பார்த்த ஒருவரின் வாக்காவது இருக்க வேண்டும். வீட்டில் மூலப் பத்திரம் இருந்தால் அதில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று ஊரோடும் தொழிலோடும் எழுதியிருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, பங்காளிகள் மொத்தப் பேரும் வந்துவிடுவார்கள். விடுதலைப் பத்திரத்தைப் பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சொத்தில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்தோ கைநாட்டோ வைத்த அத்தைகளின் பெயர் வேறெங்கும் இல்லாமல் அதில் மட்டும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகளுக்கு முன்னால் நின்றுவிடும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத்தான் தேட வேண்டும்.

அடுத்து பெயர். வம்சாவளி இணையதளங்கள் குடும்பப் பெயரை வைத்துத் தேடச் சொல்கின்றன. நமக்குப் பெரும்பாலும் அது கிடையாது. முன்னெழுத்து அப்பாவுடையது, அடுத்த தலைமுறையில் மாறிவிடும். செட்டிநாட்டில் முன்னெழுத்துகளின் வரிசையே வீட்டின் விலாசமாக இருக்கும். போதாக்குறைக்கு, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். ஒரு பத்திரத்தில் 'ராமசாமி மகன் சுப்பையா', இன்னொன்றில் 'சுப்பையா மகன் ராமசாமி'. இந்த இரண்டு ராமசாமிகளும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டால் நடுவில் ஐம்பது ஆண்டு காணாமல் போய்விடும்.

பெயரை வைத்து ரத்தத்தை முடிவுசெய்வது இதைவிடப் பெரிய தவறு. தூத்துக்குடிக் கடற்கரையில் பர்னாந்து, ரோச், மோத்தா என்று பெயர் இருந்தால் போர்த்துக்கேய வம்சம் என்று அர்த்தமில்லை. 1530களில் பரதவர்கள் கத்தோலிக்கரானபோது ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் அவை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் உள்ளவர்களின் கதை இன்னும் சுவையானது. பொன்னுத்தம்பி என்ற தமிழ் வழக்கறிஞர் 1873இல் ஐரோப்பியர்போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். வெளியே நிறுத்தினார்கள். வழக்கைப் பாரிஸ்வரை கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பரில் ஒரு ஆணை வந்தது: இந்துச் சட்டம் போன்ற தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி லாப்போர்த் ஆனார். அவரைப்போல எத்தனையோ குடும்பங்கள், சாதி அடையாளத்தை உதற நினைத்த ஒடுக்கப்பட்டவர்கள் உட்பட, அந்த வழியில் நடந்தார்கள். 'எங்கள் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரர்' என்று அந்த வீட்டில் இன்று சொல்லிக்கொண்டால், தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்த துணிச்சல்கார மனிதர் ஒருவர் அங்கே மறைந்துபோகிறார்.

ஆண்டுக் கணக்கில் விழும் பிழைகள் இன்னும் அதிகம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் பழைய ஜாதகங்களிலும் வீட்டுக் குறிப்புகளிலும் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். 'விஜய வருஷம் மாசி மாதம்' என்றால் அது 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரு சுற்றுத் தவறினால் மகன் அப்பாவாகிவிடுவார். ஜாதகக் கட்டத்தைப் பார்த்துச் சரி செய்துவிடலாம் என்று குருவையும் சனியையும் மட்டும் ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அது உதவாது. அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். அதற்கு ஒரு சுற்றுக்குப் பதினெட்டரை ஆண்டு ஆவதால், அறுபது ஆண்டு தள்ளிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று ராசி விலகியிருக்கும். கிழமையும் நட்சத்திரமும் குறித்திருந்தால் சந்தேகமே வராது.

தெற்கே திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு வரும். 1075 என்று பார்த்ததும் குலோத்துங்கன் காலம் என்று நெஞ்சு படபடக்கும். 825ஐக் கூட்டுங்கள், 1899-1900 என்று வரும். நில வருவாய்க் கணக்குகளில் இருப்பது பசலி, அதோடு 590ஐக் கூட்ட வேண்டும். பசலி 1310 என்பது 1900 ஜூலையில் தொடங்கி 1901 ஜூனில் முடிந்த ஆண்டு.

பெரியவர்களின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதியைத் தலைமையாசிரியரே போட்டுவிடுவார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்தநாள் வந்தால் காரணம் அதுதான். வயது கேட்பதைவிடச் சம்பவம் கேட்பது நல்லது. 'தனுஷ்கோடி புயலடிச்சப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆகிடுச்சா பாட்டி?' என்று கேட்டுப் பாருங்கள், 1964 டிசம்பருக்கு முன்னா பின்னா என்பது உடனே தெரிந்துவிடும். அதேபோல 'தாது வருஷம்' என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 1876-77இன் தாது வருஷப் பஞ்சத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் பிறந்த மண்ணை விட்டு நகர்ந்தன. ஆனால் 1936-37உம் தாது வருஷம்தான், மறந்துவிடக் கூடாது.

கடல் கடந்தவர்களின் கதைக்கு வருவோம். இதில் கிடைப்பவை மனதை உலுக்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம்வரை பதிவேடுகளில் இருக்கின்றன. சொந்த ஊரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு டர்பனில் முழு விவரம் கிடைக்கலாம். மொரீசியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு.

இந்தப் பதிவேடுகளைப் படிக்கும்போது சில இடங்களில் இடறுவோம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், குப்புசாமி 'கூப்பூசாமி'. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. கப்பல் ஏறிய இடம் சென்னை என்பதால் அவர் சென்னைக்காரர் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பதிவேட்டில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலையோடு தேடலை நிறுத்துகிறவர்களும் உண்டு. 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. அந்த முன்னோர் தெலுங்கு பேசியவராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

சாதி என்ற கட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் சேர்ப்பவர்கள் ஏற்கும் சாதியைச் சொன்னவர்களும், பழைய அடையாளத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் புதுப்பெயரோடு ஏறியவர்களும் இருந்தார்கள். உறவு என்ற கட்டமும் அப்படித்தான். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் தனியாக ஏறினார்கள், காத்திருப்பு முகாமில் சேர்ந்து தம்பதி என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு. 'தாத்தா போனார், பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார்' என்று நாம் சொல்லும் கதையில் பாட்டி தன் முடிவாலேயே தனியாகக் கிளம்பியவளாக இருக்கலாம்.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி முறையில், அதாவது ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்தில் மேற்பார்த்த கங்காணி வழியாக, போனவர்களுக்கு நேட்டால் மாதிரி ஆள்வாரிப் பதிவேட்டை எதிர்பார்த்து நாளைக் கழிக்காதீர்கள். இலங்கை மலையகத்தில் இருந்தவர்களுக்கு வேறு காகிதங்கள் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் சட்டப்படி குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், தாங்கள் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ உறவினர் இருந்தால் அவர்கள் டிரங்குப் பெட்டியில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பெண்வழி. நாம் வரையும் வம்சாவளியில் பெண்கள் பாதிக்கு மேல் விடுபட்டுவிடுகிறார்கள், எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். அம்மாவின் அம்மா பிறந்த ஊர் எது, அவள் வீட்டுக் குலதெய்வம் எது என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. பெண்வழி என்ன காட்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1812 முதல் 1827வரை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த லிவர்பூல் பிரபுவின் தாய்வழிப் பாட்டியுடைய அப்பா, நம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் கம்பெனி வேலையில் இருந்த எட்வர்ட் குரோக். குரோக்கின் மனைவி இசபெல்லா, போர்த்துக்கேய-இந்தியக் கலப்பு வழியில் வந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆண்வழியை மட்டும் பார்த்தால் அந்த மனிதருக்கும் கடலூருக்கும் எந்தச் சம்பந்தமும் தெரியாது.

குலதெய்வம் நல்ல தடயம்தான், ஆனால் கோயில் இருக்கும் ஊரே ஆதி ஊர் என்று உடனே முடிவுசெய்யக் கூடாது. இடம்பெயர்ந்தவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புது ஊரில் சாமியை வைத்திருப்பார்கள். 'இது எங்கிருந்து வந்த பிடிமண்?' என்று பூசாரியிடம் கேளுங்கள். அந்தப் பதில் இன்னொரு நூறு ஆண்டு பின்னால் கொண்டுபோகும்.

மரபணுச் சோதனை இப்போது எளிதாகிவிட்டது. எச்சிலை அனுப்பினால் சதவீதக் கணக்கு வருகிறது. அந்தச் சதவீதம், நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள மாதிரிகளோடு உங்களுடையதை ஒப்பிட்ட மதிப்பீடு மட்டுமே. மாதிரிகள் கூடினால் கணக்கும் மாறும். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் தந்தைவழிக் குறியை வைத்து 'நாங்கள் இன்ன இனம்' என்று சொல்வதும் சரியில்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு முன்னோர் இடங்கள் 1024, அந்தக் குறி அதில் ஒரே ஒருவரைத்தான் காட்டும். தூய ரத்தம் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. இன்றைய இந்தியக் குழுக்கள் ஏறக்குறைய எல்லாமே கலந்து உருவானவை என்று 2009இலும் 2013இலும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன.

நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்த குடும்பங்களில், ஒருவரோடு ஒருவர் பகிரும் மரபணு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். சோதனை 'இரண்டாம் நிலை உறவினர்' என்று சொல்பவர் உண்மையில் ஐந்து தலைமுறை தள்ளியிருக்கலாம். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. பங்காளி என்று நினைத்தவரோடு பொருந்தவில்லை என்றதும் யாருடைய ஒழுக்கத்தையோ சந்தேகிக்காதீர்கள். தத்து எடுப்பது நம்மிடம் சாதாரணமாக நடந்தது. செட்டிநாட்டில் 'பிள்ளை கூட்டுதல்' என்று அதற்கென ஒரு சடங்கே இருக்கிறது. கூட்டி வந்த பிள்ளை அந்த வீட்டின் முழு வாரிசு. காகிதத்தில் அவரை 'வளர்ப்பு' என்று ஓரம்கட்டுவது அந்தக் குடும்பம் எடுத்த முடிவையே மறுப்பதாகும்.

பெரியவர்களிடம் கேட்கும் விதமும் முக்கியம். 'நம்ம தாத்தா பர்மாவுல வியாபாரம் பண்ணாரு இல்ல?' என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் 'ஆமாப்பா' என்றுதான் வரும். 'தாத்தா அங்க என்ன பண்ணாரு?' என்று விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் கேட்காதீர்கள். மகனும் மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது இரண்டாம் தாரத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? தனியாக உட்கார்ந்து, பழைய படத்தைக் கையில் கொடுத்து, ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். சொன்னதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

கிடைத்ததை உடனே வாட்ஸ்அப் குழுவில் போடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. ரங்கூன் தாத்தாவின் இன்னொரு குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பி வந்து நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கலாம், அவர்களுக்கு இது தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். உயிரோடிருப்பவர்களைத் தொடும் செய்தி எதுவானாலும் முதலில் அவர்களிடம் நேரில் பேசுங்கள். சம்மதித்தால் வம்சாவளியில் அவர்கள் கிளையையும் சேர்த்து வரையலாம். மறுத்தால் உங்கள் நோட்டில் எழுதி, எந்த ஆவணத்திலிருந்து தெரிந்தது என்ற குறிப்போடு பத்திரப்படுத்துங்கள்.